பனங்கட்டை மேல் ஒரு கால்

போன மாதம் நாம் கொஞ்சப் பேர் கூடியிருந்தபோது ஒரு சண்டை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பஞ்சுக் கிட்டங்கி முற்றத்தில் பனங்கட்டை புதைத்தது யாருடைய யோசனை என்று. ஒருத்தி என் அப்பாவைச் சொன்னாள். பெரிய மதருடையது என்றாள் இன்னொருத்தி. பட்டாளத்துக்காரர்கள் புதைத்துவிட்டுப் போனது என்றுகூட மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. சண்டை முற்றுவதற்குள் காப்பி வந்துவிட்டது. அதோடு எல்லாரும் வாயை மூடிக்கொண்டோம்.

உங்களில் பலர் அந்தக் கட்டைகள் வந்த பிறகு, கண் தெரியாப் பெண்பிள்ளைகளுக்கான நம் ஆஸ்டலில் சேர்ந்தவர்கள். காலடியில் அது எப்போதும் இருந்தது என்றே நினைத்திருப்பீர்கள். இல்லை. அது இல்லாத ஒரு ஆனி ஆடி இருந்தது. அதைத்தான் இப்போது பிரெய்லியில் குத்திக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் என் விரல்களின் வயதை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகச் சண்டைக்காலம். துறைமுகத்துப் பக்கம் இருந்த நம் பழைய வீட்டைப் பட்டாளத்துக்கு வேண்டுமென்று எடுத்துக்கொண்டார்கள். கட்டில், பெஞ்சு, சமையல் அண்டா, பிரெய்லிப் புத்தகங்கள், எங்களையும் சேர்த்து மாட்டு வண்டிகளில் ஏற்றி, முத்தையாபுரம் போகிற வழியில் உப்பளத்துக்கு நடுவே நின்ற பஞ்சு மூட்டை அடுக்குகிற ஒரு பழைய கிட்டங்கியில் இறக்கினார்கள். உள்ளே நுழைந்ததுமே பருத்திக்கொட்டை எண்ணெய் வாடை மூக்கில் ஏறியது. எத்தனை கழுவியும் அது போகவில்லை. தலைமயிரில்கூட அந்த வாடைதான்.

பழைய வீட்டில் எங்கே போனாலும் சுவர் இருந்தது. விரல் நுனியால் தடவிக்கொண்டே சாப்பாட்டு அறை, ஜெபக்கூடம், குளியலறை எல்லாம் போய்விடலாம். இங்கே கிட்டங்கி வடக்கே, சமையல் கொட்டகை தெற்கே, கிணறு ஒரு பக்கம். நடுவே பெரிய வெறும் முற்றம். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. கைதட்டினால் எதிரொலி வருகிற தூரத்திலும் ஒன்றுமில்லை. வருகிற சத்தத்தையும் கச்சான் காற்று அள்ளிக்கொண்டு போய்விடும். அந்த மேல்காற்று ஆனியில் தொடங்கினால் ஆடி முடியும்வரை ஓயாது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எனக்கு அப்போது கொஞ்சம் பார்வை இருந்தது. நேரே பார்த்தால் பெரிய எழுத்து படிப்பேன். ஆனால் பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. பொழுது சாய்ந்தால் நேரேயும் தெரியாது. வீட்டில் இதைச் சொன்னபோது விளையாடுகிறேன் என்று நினைத்தார்கள். எழுத்துப் படிக்கிற பிள்ளை எப்படி வாசல்நிலையில் முட்டிக்கொள்ளும்? கவனம் இல்லை என்று சொல்லி வளர்த்தார்கள். சாதாரணப் பள்ளிக்கூடத்தில் என்னை வைத்துக்கொள்ள முடியாது என்று சொன்ன பிறகுதான் அப்பா ஆஸ்டலில் கொண்டுவந்து சேர்த்தார். பெரியப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. "பொம்பளப் பிள்ளைய அங்கன கொண்டு போட்டா ஊரு பூராவும் தெரிஞ்சிரும். நாளைக்கு எவன் வந்து கேப்பான்?" என்று தன் கருப்பட்டிக் கடையில் ஆள் நிற்கும்போதே கத்தினார். அப்பா மறுநாள் என் டிரங்குப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு நடந்தார்.

அப்பாவுக்குத் துறைமுக ஆபீசில் படம் வரைகிற வேலை. நம் ஊரில் அப்போது பெரிய கப்பல்கள் கரைக்கு வராது. ஆழம் பற்றாது. தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். தோணிகள்தான் சரக்கைக் கொண்டுபோய்க் கொண்டுவரும். அந்தத் தோணிகளுக்கும் கப்பல்களுக்கும் கடலடியில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று காட்டுகிற படங்களை அவர் வரைந்தார். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், "அங்கன பாரு, எத்தனை தோணி நிக்கு?" என்று கேட்பார். நான் வாய்க்கு வந்ததைச் சொல்வேன். "நல்லா உத்துப் பாரும்மா" என்பார். கண்ணுக்கு வேலை கொடுத்துக்கொண்டே இருந்தால் பார்வை போகாமல் நிற்கும், இல்லாவிட்டால் சுருங்கிப் போய்விடும் என்று யாரோ வைத்தியர் சொல்லியிருந்தாராம். அன்றைக்கு அதைப் பரீட்சை என்று நினைத்து வெறுத்தேன். அவர் எத்தனை பயந்துபோயிருந்தார் என்பது நான் தாயான பிறகுதான் புரிந்தது.

ஆஸ்டலில் என் பக்கத்துப் பாய் பெரியதாழைக்காரியுடையது. பெரியதாழைக் கடற்கரையில் கடல் தொழில் பார்க்கிற வீட்டுப் பிள்ளை. கைக்குழந்தையாய் இருக்கும்போதே அம்மை கண்டு இரண்டு கண்ணும் போய்விட்டது. வாய் மட்டும் நாலு பேருக்கு இருந்தது. அந்தப் பக்கம் 'சின்னது' படுக்கும். ஆறு வயதோ ஏழு வயதோ. தாய் தகப்பன் கிடையாது. உப்பளத்து வேலைக்குப் போகிற சித்தி ஒருத்திதான் வளர்த்தாள். வேலைக்குப் போகும்போது கட்டில் காலில் சேலைத் துணியால் சின்னதைக் கட்டிப் போட்டுவிட்டுப் போவாளாம். கெட்டவள் இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் கிணறு இருந்தது, அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் சின்னதின் கணுக்காலில் துணி அறுத்த தடிப்பு ஒன்று இருந்தது. தூக்கம் வராவிட்டால் அதைத் தடவிக்கொண்டே கிடக்கும்.

முற்றத்தைக் கடக்க முதலில் வழி கண்டுபிடித்தவள் பெரியதாழைக்காரிதான்.

"ஏளா, காத்து மேக்க இருந்து வருது. சமையக் கொட்டகை தெக்க கெடக்கு. வலது கன்னத்துல காத்த வச்சிக்கிட்டு நட, நேரா கஞ்சிப்பானைல போயி நிப்ப."

நடந்தது. சின்னது வரைக்கும் எல்லாரும் வலது கன்னத்தைத் தடவிக்கொண்டே கஞ்சி குடிக்கப் போனோம். ஏதோ மந்திரம் கிடைத்த மாதிரி இருந்தது.

ஒரு நாள் பிற்பகல் காற்று தெற்கே திரும்பிவிட்டது. சின்னது தனியாகத் தண்ணீர் குடிக்கக் கிளம்பியிருக்கிறது. சொன்னபடியே காற்றை வலது கன்னத்தில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறது. போனது கிழக்கே. மதில் இடிந்திருந்த சந்து வழியாக வெளியேறி உப்பளத்துக்குள் இறங்கிவிட்டது. ஆள் காணோம் என்று தெரிந்து நாங்கள் கத்திக்கொண்டு நின்றோம். பொழுது சாயும் நேரத்தில் உப்பளத்துக்காரப் பெண் ஒருத்தி இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். பாத்தித் தண்ணீருக்குள் அசையாமல் நின்றதாம். பாதமெல்லாம் உப்பு அரித்துப் புண். அழவும் இல்லை. "காத்து பொய் சொல்லிட்டு" என்று மட்டும் சொன்னது.

பெரியதாழைக்காரி அன்று சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. "காத்த நம்பச் சொன்னது நாந்தான" என்று பாயில் குப்புறக் கிடந்தாள். நான்கு பேர் வாய் இருந்தவளிடமிருந்து ஒரு சத்தமும் வராதது எங்களுக்குப் பெரிய பயமாக இருந்தது.

ஆஸ்டலை நடத்திய கன்னியாஸ்திரி பெரிய மதர் வெள்ளைக்காரி. புத்தகத்தில் தமிழ் படித்தவர். கோபம் வந்தாலும் இலக்கணம் தவறாது. "இனி ஒருவரும் தனியே முற்றத்தைக் கடக்கலாகாது. மாதா திருவிழா வரையில் பார்ப்பேன். அதற்குள் பாதுகாப்பு உண்டாகாவிட்டால், சிறு பிள்ளைகளை அவரவர் உறவினரோடு அனுப்பிவிடுவேன். யுத்தம் முடிந்தபின் திரும்பி வரட்டும்" என்றார். அன்று எங்களுக்கு அது கல்நெஞ்சமாகத் தெரிந்தது. அத்தனை பிள்ளைகளை உப்பளத்துக்கு நடுவில் வைத்துக்கொண்டு அவர் எப்படித் தூங்கினாரோ.

சின்னது கேட்டது, "எங்க சித்தி வீட்டுக்கா?"

அதுவரைக்கும் ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரு நீளக் கயிறு. எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நடக்க வேண்டும். தலைமாட்டில் நான். "உனக்குத்தான் கண் இருக்கிறதே." எனக்குப் பக்கவாட்டில் தெரியாது என்று சொன்னேன். சமையலம்மா, "புஸ்தகம் படிக்கித, வழி தெரியாதாக்கும்?" என்று சிரித்தாள். இரண்டாம் நாளே கிணற்றுத் தூணில் என் தோள் இடித்து நான் விழ, என் மேல் பெரியதாழைக்காரி, அவள் மேல் அடுத்தவள் என்று வரிசை முழுவதும் சரிந்தது. அடிபட்டது என்னவோ கொஞ்சம்தான். ஆனால் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிப்போகிற மாதிரி இருந்தது எங்களுக்கு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு யாரும் பேசவேயில்லை. பேச்சில்லாமல் நாம் நடந்தது வாழ்க்கையிலேயே அப்போதுதான்.

அந்த ஞாயிறு அப்பா வந்தபோது பெரிய மதர் விஷயத்தைச் சொன்னார். என்னைக் கூட்டிப்போகச் சொல்லவில்லை. நான் பெரிய பிள்ளை. ஆனால் அப்பா வெகுநேரம் முற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "மதர், எனக்குக் கொஞ்சம் அவகாசம் குடுங்க. நான் ஒரு படம் செஞ்சி கொண்டுவாரேன். பிள்ளைக தொட்டுப் பாத்து எடத்தப் படிச்சிக்கிரும்" என்றார்.

அடுத்த வாரம் படம் வந்தது. ஆள் உயரத்துக்குப் பாதி இருக்கும் பலகை. எனக்கு அது எத்தனை அழகாகத் தெரிந்தது! கிட்டங்கிக்குச் சிவப்பு, கிணற்றுக்கு நீலம், மதிலுக்குப் பச்சை. கோடுகளின் மேல் மெல்லிய நூலைப் பசைபோட்டு ஒட்டி வார்னிஷ் அடித்திருந்தார். ஆபீஸ் வேலை முடிந்து வாரம் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்ததாக அம்மா பின்னால் சொன்னாள். பெரியதாழைக்காரியின் கையைப் பிடித்து நானே அதன் மேல் வைத்தேன்.

அவள் மேலிருந்து கீழே தடவினாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை தடவினாள்.

"நல்ல பலகை மாமா. வழவழன்னு இருக்கு. இதுல என்ன செய்யப்போறீக?"

சின்னது முகர்ந்து பார்த்துவிட்டு, "நல்ல வாசம்" என்றது.

அப்பா முகம் எப்படிப் போயிற்று என்று நான் பார்க்கவில்லை. பலகையை நேரே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. அவளுடைய விரலைப் பிடித்து நூலின் மேல் ஓட்டி, "இது மதிலு" என்றார். "மதிலா? மதிலு இம்புட்டு மெலிசாவா இருக்கும்? நான் மதிலத் தொட்டதே இல்லையே மாமா, அது வழில இல்லையே" என்றாள் அவள். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

அப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தனக்குத்தானே பேசுகிற மாதிரிச் சொன்னதை நான் மறக்கவில்லை.

"கடலுக்கு அடில என்ன கெடக்குன்னு நான் பாத்தா வரையுதேன்? ஆழம் பாக்க ஈயக்குண்டு போடுதவங்கிட்ட கேட்டுத்தான வரையுதேன். குண்டுக்கு அடில கொழுப்பத் தடவி எறக்குவான். மணலு ஒட்டிக்கிட்டு வந்தா மணலும்பான், சிப்பி வந்தா சிப்பி, சேறு வந்தா சேறு. அத அப்படியே எழுதுவேன். இங்கன வந்து ஒருத்தர்ட்டயும் கேக்காம வரஞ்சிட்டேனே."

பெரியதாழைக்காரிக்கு ஈயக்குண்டு என்றதும் உயிர் வந்துவிட்டது. அது அவள் வீட்டுச் சமாசாரம். "எங்கப்பாவும் குண்டு போடுவாரு மாமா. எங்க காலும் அப்படித்தான். மணலா, சிப்பியா, சேறான்னு அதுதான் சொல்லும்."

"அப்பம் சொல்லுங்க பிள்ளைகளா. முத்தத்துல உங்க காலு என்ன சொல்லுது?"

பெரியவர்கள் யாரும் எங்களை அப்படிக் கேட்டதில்லை. ஒரே கூச்சல். கிட்டங்கிச் சுவர் பிற்பகலில் சூடு விடும் என்றாள் ஒருத்தி. கிணற்றுப் பக்கம் மண் குளிர்ந்திருக்கும், சாக்கடை ஓரம் நாற்றம் வரும், சமையல் கொட்டகைக்கு முன்னால் சாம்பல் காலில் பொதபொதவென்று படும். எல்லாம் ஓரத்தில்தான். நடுவில் ஒன்றுமே சொல்லவில்லை கால். நடுமுற்றம் முழுக்க ஒரே மண். "நடுவுல எங்களுக்கு ஒரு பேச்சு வேணும் மாமா" என்றாள் பெரியதாழைக்காரி.

அப்பா தோள் துண்டை எடுத்துக் கண்ணில் கட்டப் போனார், நடந்து பார்க்கிறேன் என்று. அவள் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள்.

"அது எதுக்கு? கண்ணக் கட்டுனா உங்களுக்குப் பயம்தான் வரும். எங்களுக்குப் பயம் கெடையாது, வழிதான் இல்ல. எங்கள நடக்கவிட்டு நீங்க பாருங்க."

அவர் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு தினமும் ஆபீஸ் விட்டதும் சைக்கிளில் வந்துவிடுவார். முதலில் கயிறு கட்டிப் பார்த்தோம், முளையடித்து இடுப்பு உயரத்துக்கு. உப்புக்காற்றில் கயிறு ஈரம் குடித்துத் தொய்ந்தது. சின்னப் பிள்ளைகளுக்குக் கழுத்தில் மாட்டியது. கயிறு என்றாலே எங்களுக்கு வெறுப்பு வேறு. அவிழ்த்துவிட்டோம். மண்ணைக் கூட்டி வரப்பு போட்டோம். கச்சான் காற்று அன்று மாலையே அதைத் தின்றுவிட்டது. கடற்கரையில் முத்துக்குளிப்புக் காலத்துச் சிப்பி ஓடுகள் மலையாகக் கிடந்தன. அதை வண்டியில் கொண்டுவந்து பாதையாகக் கொட்டினோம். நடக்கும்போது நறநறவென்று அருமையான சத்தம். காலையும் அறுத்தது. சின்னதின் புண் ஆறாத பாதத்தில் மறுபடி ரத்தம். அன்று நாங்கள் எல்லாரும் சேர்ந்து அழுதோம். திருவிழாவுக்குக் கொடியேறப் போகிறது என்று வேறு சமையலம்மா சொல்லிவிட்டாள்.

மறுநாள் காலை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. முழுக்கப் பனைமரம், நெடுக்கே இரண்டாய்ப் பிளந்தது. கூடவே பெரியப்பா குரல். காற்று பாதையைத் தின்ற கதையை அப்பா கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்ட பெரியப்பா, ஊரிலிருந்த தன் பனைவிளையில் விழுந்து கிடந்த மரங்களைப் பிளக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார். உள்ளே வரச் சொன்னதற்கு, "இல்ல, இல்ல, வண்டிக்காரன் தெரியாம வேற எங்கனயும் எறக்கிருவான்னுதான் வந்தேன்" என்றார். ஆனால் இறக்கி முடியும்வரை போகவில்லை. போகும்போது என் தலையில் கை வைத்து அழுத்தினார். கருப்பட்டி வாசனை அடித்தது அந்தக் கையில். என்னை ஒளித்து வைக்கச் சொன்ன மனிதர்தான். எனக்கு அவர்மேல் இருந்த கசப்பு அந்த இடத்திலேயே பாதி போயிற்று.

கட்டையின் தட்டைப் பக்கத்தை மண்ணுக்குள் புதைத்து, வளைந்த முதுகு கொஞ்சம் மேலே தெரியும்படி வைத்தோம். காலால் தொட்டால் ஏதோ பெரிய மிருகம் மண்ணுக்குள் படுத்திருக்கிற மாதிரி இருக்கும். காற்றால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனால் மேலே ஏறி நடந்தால் வழுக்கியது. பக்கத்தில் நடந்தால் தடம் விட்டது. ஒரு கால் கட்டை மேல், ஒரு கால் மண்ணில் என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். உடனே வேறு தொல்லை. போகிறவளும் வருகிறவளும் நெற்றியோடு நெற்றி மோதிக்கொண்டோம். எல்லார் தலையிலும் புடைப்பு. பெரியதாழைக்காரி ஒரு நாள் முழுக்க யோசித்து, "எப்பமும் வலது காலுதான் கட்டைல" என்றாள். போகும்போதும் வலது கால், திரும்பும்போதும் வலது கால். அப்போது போகிறவள் கட்டைக்கு ஒரு பக்கம் இருப்பாள், வருகிறவள் மறுபக்கம். தோள் உரசும், தலை மோதாது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "தோணிக்கும் இந்த மாதிரி ஒரு சட்டம் உண்டு பிள்ள!" என்றார்.

பாதை பிரிகிற இடத்தில் கட்டையை நிறுத்தி, முழு மட்டிச் சிப்பிகளைக் குப்புற வைத்துச் சுண்ணாம்பில் பதித்தோம். முதுகுப் பக்கம் காலை அறுக்காது. அங்கே ஒரு கம்பம். கம்பத்தில், அந்தந்தப் பாதை போகிற பக்கமாக, சமையலுக்குத் தேங்காய்ச் சிரட்டை, கிணற்றுக்கு வாளி வளையம், வகுப்புக்குச் சங்கு.

ஒரு மாலை, மற்றவர்கள் கையைக் கழுவப் போன பிறகு, அப்பா என்னிடம் கேட்டார். "உனக்கு என்ன வேணும்மா?"

"வெள்ள."

"என்னது?"

"கட்டைக்கு மேல வெள்ள அடிங்க. மண்ணு கருப்பு, கட்டையும் கருப்பு. எனக்கு ரெண்டும் ஒண்ணாத் தெரியுது. நீங்க அடிச்ச பச்சை, நீலம் எல்லாம் பொழுது சாஞ்சா ஒண்ணுதான். வெள்ளை மட்டும் கொஞ்ச நேரம் கூட இருக்கும்."

நான் தொடர்ந்து சொன்னேன். "ஊதாங்குழல் வழியாப் பாக்குத மாதிரிப்பா. நேரே தெரியும். சுத்தி ஒண்ணும் கெடையாது. வீட்டுலயும் சொன்னேனே."

"சொன்ன" என்றார். "நாந்தான் கேக்கல."

மறுநாள் சமையலம்மா ஊதாங்குழலைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தாள். பிறகு அவளே வந்து என் காதோடு சொன்னாள்: "ஒங்கப்பா முத்தத்துல நின்னு அதக் கண்ணுல வச்சிக்கிட்டுச் சுத்திச் சுத்திப் பாத்துக்கிட்டு நின்னாரு தாயி. நான் போயி வாங்கல." அன்றிலிருந்து அவளும் என்னிடம் கண் இருக்கிறதே என்று சொன்னதில்லை. அந்த ஞாயிறு கடற்கரையில் அப்பா தோணிகளைப் பற்றிக் கேட்கவில்லை. வேர்க்கடலை வாங்கிக்கொடுத்தார். இரண்டு பேரும் அலைச்சத்தம் கேட்டுக்கொண்டே தின்றோம்.

பழைய பலகையைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் புதுப் படம் செய்தோம். கட்டைக்குத் தடித்த கயிறு, பிரிகிற இடத்துக்கு நிஜ மட்டி, சமையல் கொட்டகைக்குச் சிரட்டைத் துண்டு. கிணற்றடியில் எப்போதும் படுத்திருக்கும் நாயையும் வைக்க வேண்டும் என்று சின்னது அடம் பிடித்தது.

"நாயெல்லாம் படத்துல வராதும்மா. அது எந்திரிச்சிப் போயிருமே" என்றார் அப்பா.

"போவாது. அங்கனதான் கெடக்கும்."

"தோணியும் நகருதுல்லா மாமா, அதுக்காக நங்கூரம் போடுத எடத்தக் குறிக்காம இருக்கீகளா?" என்று பெரியதாழைக்காரி வக்கீல் மாதிரி மடக்கினாள். கொஞ்சம் தேங்காய்நாரைச் சுருட்டி நாய் என்று ஒட்டினார். அந்தப் பலகையில் முதலில் தேய்ந்து போனது அந்த நாய்தான். வீடு மாறும்போது பலகையும் எங்கோ போய்விட்டது. அதைத் தேடாதவர் நம்மில் யாரும் இல்லை.

மாதா திருவிழாவுக்கு முந்தின நாள் பெரிய மதர் முற்றத்துக்கு வந்தார். காற்று முழு வேகம். "இச்சிறுமி தனியே சமையற்கூடத்துக்குச் சென்று காட்டட்டும்" என்றார். சின்னதுதான் போக வேண்டும். கிட்டங்கி வாசலில் எல்லாரும் நின்றோம். பெரியதாழைக்காரியின் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தன. நகம் பதிந்தது.

சின்னது வலது காலைக் கட்டை மேல் வைத்து நடந்தது. நான் நேரே அதையே பார்த்தேன். வெள்ளைக் கோட்டின் மேல் ஒரு சின்னப் பாவாடை. பாதி முற்றம் போனபோது, வெளியே சாலையில் பட்டாள லாரி ஒன்று பெரிய இரைச்சலோடு போயிற்று. சின்னது திடுக்கிட்டுத் துள்ளியது. கால் கட்டையை விட்டுவிட்டது. இரைச்சல் போன பிறகும் அசையாமல் நின்றது. உப்பளத்தில் நின்ற மாதிரியே.

"நான் போறேன்" என்று அப்பா காலெடுத்து வைத்தார்.

"நில்லுங்க மாமா" என்றாள் பெரியதாழைக்காரி. அவள் பல் கிட்டியிருந்தது. "அதுவாத் தேடட்டும். இல்லன்னா நாளைக்கு அது கட்டில் கால்லதான்."

சின்னது மெல்ல இடது காலை நீட்டி மண்ணைத் துழாவியது. இல்லை. வலது காலை நீட்டியது. அங்கேயும் இல்லை. பிறகு அப்படியே உட்கார்ந்து, இரண்டு கையாலும் சுற்றித் தடவியது. கை கட்டையில் பட்டதும் அதைத் தட்டிக்கொடுத்தது, நாயைத் தட்டுகிற மாதிரி. எழுந்து நடந்தது. மட்டிகள் வந்ததும் நின்றது. கம்பத்தைத் தடவிச் சிரட்டையைத் தொட்டது. வளையத்தைத் தொட்டது. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கிணற்றுப் பக்கம் திரும்பிவிட்டது.

"ஐயோ" என்றார் பெரிய மதர். "வழி தவறிவிட்டாள்."

சின்னது கிணற்றடி வரைக்கும் போயிற்று. குனிந்தது. நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, அதன் காதில் ஏதோ சொல்ல ஆரம்பித்தது.

"வழி தவறல மதர்" என்றாள் பெரியதாழைக்காரி. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "அவளுக்கு அங்கனதான் போணும்."

பெரிய மதர் பேசிய தமிழில் முதல் முறையாக இலக்கணம் இல்லை. "சரி... சரி... இருக்கட்டும். இங்கே இருக்கட்டும் எல்லாரும்" என்றார். அப்பாவிடம் திரும்பி, "ஜெபக்கூடத்துக்கும் ஒரு கட்டை போட முடியுமா?" என்று கேட்டார்.

திருவிழாவுக்குச் சின்னதின் சித்தி வந்தாள். சின்னது அவள் கையைப் பிடித்து முற்றம் முழுக்கச் சுற்றிக் காட்டியது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நடந்தாள். தனியாகத்தான் திரும்பிப் போனாள்.

ஆக, யாருடைய யோசனை என்று கேட்டால் எனக்கு ஒரு பேரைச் சொல்லத் தெரியவில்லை. மரம் பெரியப்பாவுடையது. வலது கால் பெரியதாழைக்காரியுடையது. நாய் சின்னதுடையது. வெள்ளை என்னுடையது. கேட்டது அப்பா. அந்தக் காலத்தில் நம்மிடம் கேட்டவர்கள் அதிகம் இல்லை. பெரியதாழைக்காரி பின்னால் நம்மைப் போன்ற பிள்ளைகளுக்கே டீச்சராகி, எத்தனையோ பள்ளிக்கூடத்து வராந்தாக்களைச் சண்டை போட்டு மாற்றினாள் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா கடைசிவரை எந்தப் படம் வரைந்தாலும் முதலில் யாரையாவது கேட்டுவிட்டுத்தான் வரைந்தார். அம்மாவுக்கு அடுக்களையில் பலகை அடிக்கக்கூட அம்மாவைக் கேட்டாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

என் பார்வை வைத்தியர் பயமுறுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி ஒரு நாள் முழுக்கப் போயிற்று. எந்த நாள், எந்த வருஷம் என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். பாவம், அந்த நாள் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறார்கள். எனக்குத் தெரியாது. நான் கவனிக்கவில்லை. அன்றைக்கு எங்கேயாவது போய்க்கொண்டிருந்திருப்பேன்.